தேநீர்க் கம்பெனியின் கணிப்பொறி

யந்திரத் தொழில் யந்திர நூல் கற்றவர்க்கே உரியது. கணக்கெழுதியவர் கணக்கோடும், மொழி கற்றவர் மொழியோடும் நின்றுவிடுவதே முறை என்று ஓர் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. தந்தை செய்த தொழிலே மைந்தனுக்கும் விதி என்ற பழங்கொள்கையைத் துணிந்து மறுத்தவர்கள்கூட, பதினெட்டாம் வயதில் கல்லூரியில் எடுத்த பாடமே அறுபதாம் வயது வரையில் விதி என்று கூறும் இப்புதுக் கொள்கையை மறுக்க முன்வருவதில்லை. முன்னது பிறப்பால் இட்ட வேலி. பின்னது சான்றுப் பத்திரத்தால் இட்ட வேலி. வேலி எதனால் ஆனதாயினும், வெளியே நிறுத்தப்படுகிறவனுக்கு விளைவது ஒன்றே.

இவ்வெண்ணம் மெய்தானா என்பதை வாதத்தினால் அல்லாமல் சரித்திரத்தினால் ஆராய்வோம். இன்று உலகத் தொழில்களுள் நல்ல ஊதியமும் உயர்ந்த மதிப்பும் பெற்று விளங்குவனவற்றுள் ஒன்று கணிப்பொறித் தொழில். அத்தொழில் வர்த்தக அலுவலகத்தினுள் முதன்முதலாக அடியெடுத்து வைத்தபோது அதை நடத்தியவர்கள் யாவர்? அவர்கள் அதை எந்தக் கல்லூரியில் கற்றனர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை லண்டன் மாநகரத்துத் தேநீர்க் கம்பெனி ஒன்றின் வரலாற்றில் இருக்கின்றது.

சிறு இலாபமும் பெருங்கணக்கும்

ஜே. லயன்ஸ் கம்பெனி 1887-ஆம் ஆண்டில் தோன்றியது. 1894-ஆம் ஆண்டில் பிக்காடில்லி வீதியில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. நடுத்தர வகுப்பாரும் தொழிலாளரும், தனியே வெளியிற் சென்று வரும் பெண்மக்களும், மதிப்புக் குறையாமல் அமர்ந்து குறைந்த விலையில் தேநீர் அருந்தக்கூடிய இடமாக அக்கடைகள் பெயர் பெற்றன. கடைகள் பெருகின, ரொட்டியும் பணியாரமும் ஐஸ்கிரீமும் செய்யும் சாலைகளும் உடன் பெருகின. லண்டனின் மேற்குப் பகுதியாகிய ஹாமர்ஸ்மித்தில், கேட்பி ஹால் என்ற பரந்த வளாகத்தில் தலைமை அலுவலகம் அமைந்தது.

இத்தகைய வியாபாரத்தில் ஒரு சிக்கல் உண்டு. கப்பல் விற்பவன் ஆண்டுக்குப் பத்துக் கணக்கு எழுதினால் போதும். ஒரு கோப்பைத் தேநீர் விற்பவனோ, ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும். கிடைக்கும் இலாபம் மிகச் சிறிது. எழுத வேண்டிய கணக்கோ மிகப் பெரிது. கணக்கெழுதும் செலவு சற்றே ஏறினாலும் இலாபம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். ஆதலால் லயன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா வேலை, அதாவது மலாய் நாட்டில் நாம் கிராணி வேலை என்று வழங்குகின்றோமே அந்த வேலை, அலட்சியமாகக் கருதப்படவில்லை. 1923-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் கணிதம் கற்ற ஜான் சிம்மன்ஸ் என்பவரைக் கம்பெனி சேர்த்துக்கொண்டது. பின்னர் அலுவலக முறைகளை ஆராய்வதற்கென்றே ஒரு தனிப் பிரிவையும் அவர் பொறுப்பில் நடத்தியது. எந்தத் தாள் எங்கிருந்து வருகின்றது, யார் கைக்குப் போகின்றது, ஏன் போகின்றது, போகாவிட்டால் கெடுவது என்ன என்ற கேள்விகளை ஓயாது கேட்பதே அப்பிரிவின் வேலை. பின்னால் விளைந்த புதுமைக்கெல்லாம் இக்கேள்விகளே விதை.

பீரங்கிக் கணக்கிலிருந்து சம்பளக் கணக்குக்கு

1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘எனியாக்’ என்னும் மின்னணுக் கணிப்பொறி உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. பீரங்கிக் குண்டு எத்திசையில் எத்தொலைவு பாயும் என்ற அட்டவணைகளைக் கணிக்கவென்று படைத்துறை அதைச் செய்வித்திருந்தது. அறிஞர்கள் அதைக் கண்டு இனி வான நூலுக்கும் பௌதிகத்துக்கும் நற்காலம் என மகிழ்ந்தனர்.

அடுத்த ஆண்டு, 1947-இல், லயன்ஸ் கம்பெனியின் அலுவலகத் தலைவர்களாகிய தாம்ப்ஸன், ஸ்டாண்டிங்ஃபோர்டு என்ற இருவர் அமெரிக்க அலுவலகங்களின் முறைகளைப் பார்த்துவர அனுப்பப்பெற்றனர். அவர்கள் இந்த யந்திரத்தைப் பற்றி விசாரித்து, பிரின்ஸ்டன் நகரில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற அறிஞரைச் சந்தித்தனர். பீரங்கிக் கணக்குப் போடும் யந்திரம் சம்பளக் கணக்கையும் போடாதோ என்பதே அவர்கள் உள்ளத்தில் எழுந்த வினா. அவர்களது சொந்த நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், இத்தகைய யந்திரம் ஒன்று உருவாகி வருகின்றது என்று கோல்ட்ஸ்டைன் அவர்களுக்கு அறிவித்தார்.

இருவரும் திரும்பி வந்து கேம்பிரிட்ஜ் சென்று மாரிஸ் வில்க்ஸ் முதலியோரைக் கண்டனர். அவரது ‘எட்சாக்’ யந்திரம் விரைவில் நிறைவேறும் பொருட்டு லயன்ஸ் கம்பெனி பொருளுதவி செய்தது. லெனார்ட்ஸ் என்ற தன் ஊழியர் ஒருவரையும் உதவிக்கு அனுப்பியது. 1949-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி எட்சாக் முதன்முதலாகக் கணக்குப் போட்டது. அதன் பின் லயன்ஸ் கம்பெனி, விலைக்கு வாங்க எங்கும் கிடைக்காத பொருளைத் தானே செய்துகொள்ளத் துணிந்தது. ‘லயன்ஸ் மின்னணு அலுவலகம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்து அந்த யந்திரத்துக்கு ‘லியோ’ என்று பெயரிட்டனர்.

இங்கு நடுநிலை தவறாமல் ஒன்றைக் கூற வேண்டும். யந்திரத்தைக் கட்டும் பொறுப்பு ஜான் பிங்கர்டன் என்ற பௌதிக அறிஞரிடமே ஒப்புவிக்கப்பட்டது. அவர் போர்க்காலத்தில் ராடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். ஆயிரக்கணக்கான வால்வுகளும், எண்களை ஒலியலைகளாக நினைவில் தேக்கிவைக்கும் பாதரசக் குழாய்களும் கொண்ட அந்த யந்திரத்தை வெறும் ஆர்வத்தால் மட்டும் எவரும் கட்டிவிட முடியாது. கற்றவர்க்கு உரிய இடம் கற்றவர்க்கே தரப்பட்டது. ஆனால் யந்திரம் கட்டி முடிந்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. அது என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு ஒவ்வோர் அடியாக, ஒன்றும் விட்டுப்போகாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைத் தொடரையே இன்று நிரல் என்கின்றோம். அதை எழுதுவது யார்?

நிரல் எழுத வந்தவர்கள்

நிரல் எழுதக் கற்பிக்கும் கல்லூரி அந்நாளில் இல்லை, பட்டமும் இல்லை, ஆகவே அதை வைத்து எவரையும் தள்ளிவைக்கவும் வழியில்லை. லயன்ஸ் கம்பெனி தன் அலுவலகத்தினுள்ளேயே ஆள் தேடியது. டெரிக் ஹெமி, ஜான் குரோவர், லியோ ஃபான்டல் ஆகியோர் முதல் குழுவில் அமைந்தனர். அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டேவிட் கேமினர். இவர் 1936-ஆம் ஆண்டில் அலுவலக நிர்வாகம் பயில வந்தவர். உலகப்போரில் வட ஆப்பிரிக்கக் களத்தில் ஒரு காலை இழந்து மீண்டும் கம்பெனிக்கே திரும்பியவர். மின்சாரமோ கணித ஆராய்ச்சியோ இவரது துறை அன்று. ரொட்டிச் சாலையின் கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அடி முதல் நுனி வரை அறிந்திருந்ததே இவரது கல்வி.

1951-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் லியோ தன் முதல் அலுவலகப் பணியை மேற்கொண்டது. ரொட்டிச் சாலைகளில் அவ்வாரம் செய்யப்பெற்ற ரொட்டி, பணியாரம் முதலியவற்றின் மதிப்பைக் கணிக்கும் வேலை அது. வாரந்தோறும் ஒழுங்காக நடக்கும் அலுவலகக் கணக்கொன்றை உலகில் முதன்முதலாக மின்னணுக் கணிப்பொறி செய்தது அப்பொழுதுதான் என்பது சரித்திர ஆசிரியர் பலரும் ஒப்பும் செய்தி. பெரும் படைத்துறையோ செல்வம் மிக்க வங்கியோ பெறாத அப்புகழைத் தேநீர் விற்கும் கம்பெனி பெற்றது.

வேலை பெருகவே ஆட்களும் வேண்டியிருந்தனர். ஆகவே கம்பெனி தன் ஊழியரிடையே விருப்பமுள்ளவர்களை அழைத்து ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. பகலில் விரிவுரை, இரவில் வீட்டுக் கணக்கு. எண்களை யந்திரம் எவ்வாறு கொள்கின்றது, கட்டளைகளை எவ்வரிசையில் எழுத வேண்டும் என்பதையெல்லாம் விரைந்து கற்பித்து, எழுதிக் காட்டுமாறு கேட்டனர். முன்பு கற்றது என்ன என்பது அங்கே கேள்வியன்று; இப்பொழுது கற்கக்கூடுமா என்பதே கேள்வி.

1952-ஆம் ஆண்டு நடந்த வகுப்பில் சேர்ந்தவர்களுள் ஒரே பெண் மேரி பிளட் என்பவர். திருமணத்திற்குப் பின் மேரி கூம்ஸ் என்று பெயர் பெற்றவர் இவரே. 1929-ஆம் ஆண்டில் பிறந்த இவர், லண்டன் குவீன் மேரி கல்லூரியில் பிரெஞ்சு மொழி கற்றுப் பட்டம் பெற்றவர். லயன்ஸ் கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தாவாக நுழைந்து, ஐஸ்கிரீம் விற்பனைக் கணக்குகளோடு பழகிக்கொண்டிருந்தவர். அதே வகுப்பில் இருந்த மற்றொருவர் ஃபிராங்க் லாண்டு. இவர் 1928-இல் பெர்லின் நகரில் பிறந்து, 1939-இல் அகதியாக இங்கிலாந்து வந்து, பொருளாதாரம் கற்றவர். வகுப்பின் முடிவில் லியோவில் வேலை பெற்றவர்கள் இவ்விருவரே. பிரெஞ்சு இலக்கணம் கற்ற மங்கை, வர்த்தகத்துக்காக நிரல் எழுதிய முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். பொருளாதாரம் கற்ற அகதி இளைஞர் பிற்காலத்தில் இத்துறையிலேயே பல்கலைக்கழகப் பேராசிரியராகி மற்றவர்க்குக் கற்பித்தார்.

சம்பளச் சீட்டு கற்பித்த பாடம்

இவர்கள் வெறுங்கையோடு வந்தவர்கள் அல்லர். பழைய தொழிலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அது யாது என்பதை அறிய, சம்பளக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

ஒருவனுக்குச் சம்பளம் போடுவது எளிது போலத் தோன்றும். மணிக்கூலியை நேரத்தால் பெருக்கினால் முடிந்தது என்று எண்ணுவோம். ஆனால் இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டு முதல், வருமான வரியைச் சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. இவ்வாரத்து வரியை இவ்வாரச் சம்பளத்தை மட்டும் பார்த்து அறிய முடியாது. வரியாண்டு தொடங்கிய நாள் முதல் அவன் ஈட்டியது எவ்வளவு, அவனுக்குரிய விலக்கு எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்பவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் இவ்வாரத் தொகை பிறக்கும். மிகுதியாகப் பிடித்திருந்தால் திருப்பித் தரவும் வேண்டும். இவற்றோடு மிகைநேரக் கூலி, நோய் விடுப்பு, கடன் பிடித்தம், நடுவாரத்தில் வேலையை விட்டவன், ஒரு பிரிவிலிருந்து மற்றொரு பிரிவுக்கு மாறியவன் என விதிவிலக்குகள் அடுக்கடுக்காக வரும்.

கணித அறிஞர் ஒருவர் இதற்கு நிரல் எழுதினால் விதியை அழகாக எழுதிவிடுவார். விதிவிலக்கை யார் சொல்வது? நடுவாரத்தில் நின்றவனுக்கு என்ன செய்வது என்று சம்பளக் குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். அவர் அதை எங்கும் எழுதி வைத்திருக்கமாட்டார், கைப்பழக்கமாகச் செய்துகொண்டிருப்பார். யந்திரத்துக்கோ கைப்பழக்கம் இல்லை. சொல்லாததைச் செய்யாது, சொன்னது பிழையானால் பிழையையே ஆயிரம் முறை செய்யும். ஆதலால் சொல்லப்படாத வழக்கத்தையெல்லாம் தேடித் தோண்டிச் சொல்லாக்குவதே நிரல் எழுதுவோரின் முதற்கடமை. லயன்ஸ் குமாஸ்தாக்களோ அந்த வழக்கத்தின் நடுவிலேயே வாழ்ந்தவர்கள்.

மற்றொன்றும் அவர்களிடம் இருந்தது. நல்ல கணக்கர் எவரும் தம் கூட்டலைத் தாமே நம்பமாட்டார். குறுக்கே கூட்டுவார், நெடுக்கே கூட்டுவார். இரண்டும் ஒத்துவந்த பின்னரே கையெழுத்திடுவார். இந்த வழக்கத்தைக் கேமினரின் குழுவினர் நிரலுக்குள் கொண்டுபோனார்கள். ஒருவர் எழுதிய நிரலை யந்திரத்தில் இடுமுன் மற்றொருவர் வரி வரியாகப் படித்துச் சோதித்தார். கணக்கின் நடுவே சரிபார்க்கும் மொத்தங்கள் அமைக்கப்பட்டன. அந்நாளில் வால்வுகள் அடிக்கடி பழுதுபடுவது இயல்பாதலால், வேலை இடையில் நின்றால் தொடக்கத்திற்கே போகாமல் நின்ற இடத்துக்கு அருகிலிருந்து மீண்டும் தொடங்கும் வழியையும் வகுத்தனர். இன்று பெருங்கம்பெனிகளில் கடைப்பிடிக்கப்படும் முறைகள் பலவற்றுக்கு இணையானவை, பழைய பேரேட்டுக் கணக்கரின் ஒழுக்கத்திலிருந்து இவ்வாறு பிறந்தன.

புதிய முறையும் பழைய முறையும் சிறிது காலம் அருகருகே நடத்தப்பெற்று, விடைகள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்கப்பட்டன. பின்னர் 1954-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் லியோவின் சம்பளக் கணக்கு முறையாக நடைமுறைக்கு வந்தது. கைதேர்ந்த குமாஸ்தா ஒருவருக்குச் சுமார் 8 நிமிடம் எடுத்த ஓர் ஊழியரின் கணக்கை யந்திரம் ஒன்றரை விநாடியில் முடித்தது என்று மதிப்பிட்டனர். அதே ஆண்டில் தேநீர்க் கடைகளுக்குப் பண்டம் அனுப்பும் கணக்கும் லியோவிடம் வந்தது. கடைத் தலைவியர் ஒவ்வொரு நாளும் முழுப் பட்டியல் எழுதத் தேவையின்றி, வழக்கமான தேவையில் இன்று கூடுவது எது குறைவது எது என்பதை மட்டும் தொலைபேசியில் கூறினால் போதும். அது அட்டையில் துளையாகப் பதியப்பெற்று யந்திரத்துள் செல்லும். மாறியதை மட்டும் சொல். மாறாததை மறுபடி சொல்லாதே என்ற இந்த எளிய யோசனை, கடையின் நடைமுறையை அறிந்தவர்க்குத் தோன்றக்கூடியது.

1954-ஆம் ஆண்டின் இறுதியில் லியோவுக்கென்று தனிக் கம்பெனியே நிறுவப்பெற்றது. ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் சம்பளக் கணக்கு போன்ற வெளி வேலைகளும் வந்தன. மேரி கூம்ஸ் அவற்றுள் பங்கு கொண்டார். பின்னர் மற்றவர் எழுதிய நிரல்களைச் சோதித்துப் பிழை களையும் பொறுப்பிலும் இருந்தார்.

திறந்த கதவும் மூடிய கதவும்

இதுவரை கூறியவற்றைக் கேட்டு, அக்காலம் பொற்காலம் என்று யாரும் மயங்கிவிட வேண்டாம். லயன்ஸ் கம்பெனி கதவைத் திறந்தது மெய். ஆனால் அந்தக் கதவு அலுவலகத்தின் உள்கதவு. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களே அதைக் காண முடிந்தது. மேரியின் தந்தை அக்கம்பெனியின் மருத்துவர். மகள் அங்கே தற்காலிக வேலை பெற்றதற்கு அவ்வுறவும் துணையாக இருந்திருக்கும் என்பதை மறைப்பதில் பயனில்லை. தேநீர்க் கடையில் தட்டேந்தி நின்ற ஆயிரக்கணக்கான பெண்களுள் எத்தனையோ பேருக்கு நிரல் எழுதும் கூர்மை இருந்திருக்கலாம். அவர்களை எவரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

அன்றியும், திறந்த கதவு திறந்தே நிற்கும் என்பதும் இல்லை. பிரிட்டிஷ் அரசாங்க அலுவலகங்களில் நடந்ததைப் பாருங்கள். மணமானவுடன் பெண்ணை வேலையிலிருந்து விலக்கும் விதி 1946-ஆம் ஆண்டு வரையில் அங்கு இருந்தது. 1955-ஆம் ஆண்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற கொள்கை ஏற்கப்பெற்று, 1961-க்குள் படிப்படியாக நிறைவேற்றத் திட்டமிடப்பட்டது. ஆனால் யந்திரங்களை இயக்கிய பிரிவினர் அதற்குப் புறம்பாக வைக்கப்பட்டனர். காரணம் என்னவெனில், அப்பிரிவில் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் பெண்களே. ஒப்பிட்டுப் பார்க்க ஆடவர் இல்லை. ஒப்பீடு இல்லாதபோது சமம் எங்கிருந்து வரும் என்பதே வாதம்! யந்திர வேலை தாழ்ந்தது என்று எண்ணப்பட்ட வரையில் அது பெண்களிடம் விடப்பட்டது. அந்த யந்திரமே அரசாங்கத்தின் மூளை என்று உணரப்பட்டவுடன், அனுபவம் மிக்க பெண்களே புதிய இளைஞர்களுக்கு வேலை கற்பித்து, கற்றவர்கள் தங்களுக்கு மேலதிகாரிகளாவதைக் காணவும் நேர்ந்தது.

அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பானதே நடந்தது. ஐபிஎம் கம்பெனி 1955-ஆம் ஆண்டு முதல் நிரலர்க்கென ஒரு திறமைத் தேர்வை வழங்கியது. செய்ய முடியுமா என்று கேட்கும் தேர்வு அது. குறையுடையதாயினும் பலருக்கு வழி திறந்தது. ஆனால் 1966-ஆம் ஆண்டில் கேனன், பெர்ரி என்ற உளநூல் ஆய்வாளர் இருவர், பெரும்பாலும் ஆடவராகவே அமைந்த நிரலர் கூட்டமொன்றின் விருப்பு வெறுப்புக்களை அளந்து, மனிதரோடு பழகுவதில் நாட்டமில்லாமை நிரலரின் குணங்களுள் ஒன்று என்று முடிவு கூறினர். அதன் பின் அத்தகைய குணமுடையவரையே சில கம்பெனிகள் தேடலாயின. கேள்வி எவ்வாறு மாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள். இவரால் இந்த வேலை ஆகுமா என்பது போய், இவர் ஏற்கெனவே உள்ளே இருப்பவரைப் போன்றவரா என்பது வந்தது. வேலி மறுபடி முளைப்பது இப்படித்தான்.

மேரி கூம்ஸின் பின்வாழ்வும் சிந்திக்கத்தக்கது. கடும் உடற்குறையோடு பிறந்த மகளைப் பேணும் பொருட்டு, 1960-களின் நடுவில் அவர் முழுநேரப் பணியை விட்டார். சிலகாலம் பகுதிநேரமாகக் கணிப்பொறிக் கையேடுகளைத் திருத்திக் கொடுத்தார். 1969-க்குப் பின் அத்தொழிலிலிருந்து விலகி, பிற்பாடு தொடக்கப் பள்ளி ஆசிரியையாகவும் பணியாற்றினார். 2022-ஆம் ஆண்டில், 93-ஆம் வயதில் காலமானார். அவரை உள்ளே அழைத்தபோது பாராட்டத்தக்க துணிவைக் காட்டிய தொழிலுலகம், குழந்தையைக் கையில் ஏந்திய தாய் தன் வேலையையும் ஏந்திச் செல்ல வழி அமைத்துக் கொடுக்கவில்லை.

அவ்வழியைத் தானே அமைத்துக்கொண்ட பெண் ஒருவரும் அந்நாளில் இருந்தார். ஸ்டெஃபனி ஷெர்லி 1939-ஆம் ஆண்டில் ஐந்து வயதுச் சிறுமியாக, பெற்றோரைப் பிரிந்து, வியன்னாவிலிருந்து அகதிக் குழந்தைகளின் ரயிலில் இங்கிலாந்து வந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தபால் இலாகாவின் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, மாலை வகுப்புக்களிலே கணிதப் பட்டம் பெற்றார். 1962-ஆம் ஆண்டில் 6 பவுன் முதலீட்டில், தம் வீட்டிலேயே நிரல் எழுதும் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்ட பெண்களைத் தேடி, அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்வித்தார். பெண் பெயரில் எழுதிய கடிதங்களுக்கு விடை வராமையால் ‘ஸ்டீவ்’ என்று ஆண் பெயரில் கையெழுத்திட்டார், விடை வந்தது. அவ்வீட்டு மேசைகளில் எழுதப்பெற்ற நிரல்களுள் கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கானதும் ஒன்று. 2025-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

சரித்திரம் கூறும் முடிவு

லியோ யந்திரம் 1965-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. லியோ கம்பெனி அதற்கு முன்பே வேறொரு கம்பெனியோடு இணைந்து, 1968-இல் இன்னும் பெரிய ஸ்தாபனம் ஒன்றில் கரைந்தது. லயன்ஸ் தேநீர்க் கடைகளும் பிற்காலத்தில் மறைந்தன. ஆனால் அங்கு மெய்ப்பிக்கப்பட்டது மறையவில்லை. அது மூன்று பகுதி உடையது.

முதலாவது, புதுத் தொழிலுக்கு வேண்டிய அறிவு முழுவதும் அத்தொழிலின் நூல்களில் இல்லை. யந்திரம் எதற்காகவோ அந்த வேலையை அறிந்தவரிடத்தில் பாதி இருக்கின்றது. கணக்கரும் தாதியும் ஆசிரியரும் பண்டசாலை மேற்பார்வையாளரும் கணிப்பொறித் துறைக்கு வரும்போது, தங்கள் பழைய அனுபவத்தை வாயிற்படியில் கழற்றி வைத்துவிட்டு வரத் தேவையில்லை. அதுவே அவர்களது மூலதனம்.

இரண்டாவது, அனுபவம் மட்டும் போதாது. மேரியும் லாண்டும் இரவு கண்விழித்துக் கணக்குப் போட்டுத்தான் தேறினர். ஷெர்லி ஆண்டுக்கணக்கில் மாலை வகுப்புக்குச் சென்றார். எளிதிற் கற்றுவிடலாம் என்று ஆசை காட்டிப் பணம் பறிப்பவர் சொல்லையும், உன்னால் கற்கவே முடியாது என்று மிரட்டுவோர் சொல்லையும் ஒருசேரத் தள்ளுவதே அறிவுடைமை.

மூன்றாவது, தனிமனிதரின் முயற்சி எவ்வளவு பெரிதாயினும் கதவு திறக்கப்பட வேண்டும். லயன்ஸ் கம்பெனி அந்த வகுப்பை நடத்தியிராவிட்டால், மேரி பிளட் ஐஸ்கிரீம் கணக்கோடு நின்றிருப்பார்; அவரிடம் இருந்த திறமை அவருக்கே தெரியாமற் போயிருக்கும். ஆகையால் கற்க முன்வருவது இளைஞரின் கடமையாயின், பரீட்சித்துப் பார்க்க முன்வருவது வேலை கொடுப்போரின் கடமை. விண்ணப்பத்தில் என்ன பட்டம் எழுதியிருக்கின்றது என்று பார்த்து ஒதுக்கிவைக்கும் முன், ஒரு வாரம் கற்பித்து ஒரு கணக்குக் கொடுத்துப் பார்ப்பது பெருஞ்செலவன்று. கேட்பி ஹாலில் அவ்வாறு கொடுத்துப் பார்த்தனர். பிரெஞ்சு கற்ற பெண் சம்பளக் கணக்கை யந்திரத்துக்குக் கற்பித்தாள். நம் கம்பெனிகளிலும் சங்கங்களிலும் பள்ளிகளிலும் அவ்வாறு கொடுத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?